எல்லா நுளம்பும் டெங்கு பரப்புமா? – வாசகர் கேள்வி பதில்

மழை விட்டு விட்டுப் பெய்கிற காலம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நுளம்பைப் பற்றித்தான். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் கேட்டதற்கும் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: டீச்சர், என் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு லயத்துக்கு வந்தபோதே காய்ச்சலோடுதான் வந்தான். ரத்தம் சோதித்துப் பார்த்து டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வரை இரண்டு நாள் எங்கள் காம்பராவில்தான் படுத்திருந்தான். இங்கே நுளம்புக்குக் குறைவே இல்லை, அவனைக் கடித்த அதே நுளம்பு எங்களையும் கடித்திருக்கும். ஆனால் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. எப்படி?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: தம்பி சுகமாகித் திரும்ப வேலைக்கும் போய்விட்டார் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள், அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் நிம்மதி.

நுளம்பை நாம் பறக்கிற ஊசி மாதிரி நினைக்கிறோம், ஒருவரிடம் எடுத்த ரத்தத்தை அடுத்தவரிடம் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகிறது என்று. அப்படி நடப்பதில்லை. அதன் வாய்க்குழலுக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. ஒன்றில் நம்முடைய ரத்தம் மேலே ஏறும், மற்றதில் அதன் எச்சில் கீழே இறங்கும். கடித்த இடம் தடித்து அரிப்பதும் அந்த எச்சிலால்தான். குடித்த ரத்தம் திரும்பி வருவதில்லை, நேரே வயிற்றுக்குள் போய்விடுகிறது. ஆகவே தம்பியிடமிருந்து எடுத்த வைரஸ் உங்களுக்கு வரவேண்டும் என்றால் அது நுளம்பின் வயிற்றிலிருந்து எச்சில் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அது லேசான வழி இல்லை.

ரத்தத்தோடு வைரஸ் குடலுக்குள் வந்து விழுகிறது. வந்ததுமே செரிமானம் தொடங்கிவிடும், குடித்த ரத்தத்தைச் சுற்றிச் சில மணி நேரத்திலேயே ஒரு மெல்லிய சவ்வும் உருவாகத் தொடங்கும். அதற்குள் வைரஸ் குடற்சுவரில் இருக்கிற கலம் ஒன்றைப் பிடித்து உள்ளே நுழைந்துவிட வேண்டும், அப்படிப் பிடிக்க அந்தக் கலத்தின் மேற்பரப்பில் தனக்கு ஏற்ற பிடி இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ரத்தத்தோடு சேர்ந்து அதுவும் செரித்துப்போகும். கிடைத்தால் உள்ளே போய்ப் பெருகும். ஆனால் பெருகினால் மட்டும் போதாது, குடலைத் தாண்டி உடம்புக்குள் வெளியேறவும் வேண்டும். சில நுளம்புகளில் குடல் முழுக்க வைரஸ் இருக்கும், அதற்கு அப்பால் ஒன்றுகூட இருக்காது. தாண்டிவிட்டால் நுளம்பின் உடல் திரவத்தில் கலந்து, நெஞ்சுப் பக்கம் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அதற்குள்ளும் நுழைந்து, அங்கேயும் பெருகி, கடைசியில் எச்சிலில் கலக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நுளம்பின் உடம்பு சும்மா இருக்குமா? உள்ளே வந்த வைரஸின் மரபுச் சரத்தைப் பிடித்து 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கிப் போடுகிற ஒரு பாதுகாப்பு அதற்கு இருக்கிறது. வழியில் எங்கே வைரஸ் சிக்கிக்கொண்டாலும் சரி, அந்த நுளம்பு உங்களை நூறு தரம் கடித்தாலும் டெங்கு வராது.

இப்போது உங்கள் லயத்துக்கு வருவோம். இரவில் காதுக்குப் பக்கத்தில் வந்து பாடித் தூங்கவிடாமல் செய்கிறதே, அது பெரும்பாலும் கியூலெக்ஸ், காம்பராவுக்குப் பின்னால் ஓடுகிற கானில் தேங்கி நிற்கும் அழுக்குத் தண்ணீரில் வளர்வது. டெங்கு வைரஸ் அதன் குடலிலேயே நின்றுபோகிறது. ஆகவே உங்கள் தம்பியை அது எத்தனை தரம் கடித்திருந்தாலும் பரவாயில்லை. டெங்குவைக் கொண்டுபோவது பகலில், அதுவும் காலையிலும் சாயந்தரமும் அதிகமாகக் கடிக்கிற, காலில் வெள்ளை வளையம் வளையமாக இருக்கிற ஈடிஸ் நுளம்பு. அது உங்கள் லயத்தில் இருந்து, தம்பியைக் கடித்தும் இருந்தால்கூட, அன்றைக்கே திரும்பி உங்களைக் கடிப்பதால் ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன பயணம் முடிய, 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஏறக்குறைய 8 முதல் 12 நாள் பிடிக்கும். கொழுந்தைப் பறித்த கையோடு தேயிலைத் தூள் ஆகிவிடுகிறதா? வாட்ட வேண்டும், அரைக்க வேண்டும், நொதிக்க விட வேண்டும், காய வைக்க வேண்டும், அது மாதிரித்தான் இதுவும்.

சூடு குறையக் குறைய இந்த நாட்கள் நீளும், ஏனென்றால் நுளம்புக்குச் சொந்தமாக உடற்சூடு கிடையாது, வெளியில் எத்தனை பாகையோ அதன் வயிற்றுக்குள்ளும் அத்தனைதான். ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிற ஊர், தீபாவளி நேரத்துக் குளிர் உங்களுக்கே தெரியும். பெண் நுளம்பு ஒன்று இரண்டு மூன்று கிழமை உயிரோடு இருந்தாலே பெரிது. அநேகமாக வைரஸ் எச்சிலுக்கு வந்துசேரும் முன்பே அது செத்துப்போயிருக்கும்.

அப்புறம், தம்பியின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் நுளம்புக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் இருப்பது காய்ச்சல் தொடங்க ஓரிரு நாள் முந்தியிருந்து, தொடங்கி நாலைந்து நாள் வரைக்கும்தான் அதிகம். அதன் பிறகு கடிக்கிற நுளம்புக்கு வயிற்றில் தொற்று ஏற்பட வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, சரி நமக்குப் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். இதே கடிதம் மலைக்குக் கீழே, சூடு கூடிய கம்பளையிலிருந்து வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நான் எல்லாரிடமும் மன்றாடிக் கேட்பது இதுதான்: வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நுளம்பு வலையை முதலில் அவருக்குக் கட்டுங்கள், பகலிலும் கட்டுங்கள். நாம் என்ன செய்கிறோம், வலையைக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, காய்ச்சல்காரரை நல்ல காற்றுப் படட்டும் என்று இஸ்தோப்பில் பாயைப் போட்டுப் படுக்க வைக்கிறோம். பகல் நுளம்பு வருகிற இடமே அதுதான். அவரிடம் நுளம்பு குடிக்காவிட்டால் அந்தப் பத்து நாள் பயணம் தொடங்கவே தொடங்காது.

கேள்வி: அனோபிலிஸ் மலேரியா, கியூலெக்ஸ் யானைக்கால், ஈடிஸ் டெங்கு என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். இப்படி யார் பிரித்துக் கொடுத்தது? ஓர் இனத்து நுளம்பு எல்லாமே ஒரே மாதிரித்தான் பரப்புமா?
– உயர்தர மாணவி, கண்டி

பதில்: மகள், மனப்பாடம் செய்துவிட்டு ஏன் என்று கேட்டீர்களே, அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒரு நோய்க்கிருமியும் ஒரு நுளம்பு இனமும் பல காலம் ஒன்றோடொன்று பழகி, அந்த நுளம்பின் உடம்புக்கு ஏற்றபடி கிருமி மாறி வந்ததன் பலன்தான் இந்தப் பட்டியல். பட்டியலுக்கு விலக்கும் உண்டு. மனிதருக்கு வைரஸ் நோயைப் பரப்புவதில் அனோபிலிஸுக்கு அவ்வளவாகப் பங்கு இல்லை என்று படித்திருப்பீர்கள், ஆனால் 1959இல் உகண்டாவில் தொடங்கிப் பெரிதாகப் பரவிய ஓ நியோங் நியோங் என்ற வைரஸைக் கொண்டுபோனது அனோபிலிஸ்தான். அந்த வைரஸ் சிக்கன்குன்யாவுக்கு நெருங்கிய சொந்தம், சிக்கன்குன்யாவைப் பரப்புவதோ ஈடிஸ். இரண்டு வைரஸும் பங்காளிகள் மாதிரி இருந்தும் போகிற வாகனம் வேறு வேறு.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை என்பதுதான் பதில். ஆய்வுகூடத்தில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொன்னால் விளங்கும். வைரஸ் கலந்த ரத்தத்தை நம் உடற்சூட்டுக்கு ஏற்றி, ஒரு மெல்லிய சவ்வுக்குப் பின்னால் வைத்து நுளம்புகளைக் குடிக்க விடுவார்கள். இரண்டு கிழமை வளர்த்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, காலையும் சிறகையும் பிடுங்கிவிட்டு, அதன் வாய்க்குழலை நூல் மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் நுழைத்து எச்சிலைச் சேகரிப்பார்கள். பிறகு உடம்பு, கால், எச்சில் மூன்றையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். உடம்பில் வைரஸ் இருந்து காலில் இல்லையென்றால் அது குடலைத் தாண்டவில்லை. காலில் இருந்து எச்சிலில் இல்லையென்றால் சுரப்பியில் நின்றுவிட்டது. ஒரே தாய்க்குப் பிறந்து, ஒரே கூண்டில் வளர்ந்து, ஒரே ரத்தத்தைக் குடித்த நுளம்புகளில்கூட சிலவற்றின் எச்சிலில் மட்டும்தான் வைரஸ் இருக்கும். நுளம்பின் மரபணு, வைரஸின் வகை, குடித்த ரத்தத்தில் இருந்த வைரஸின் அளவு, வளர்ந்த இடத்தின் வெப்பம், அதன் குடலில் குடியிருக்கிற பக்டீரியா என்று எல்லாமே இதில் கை வைக்கின்றன.

ஊருக்கு ஊரும் மாறும். ஸிகா வைரஸ் முதன்முதலில் 1947இல் உகண்டாவில் ஸிகா என்ற காட்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, பெயரும் அந்தக் காட்டின் பெயர்தான். ஆனால் பெரிய கொள்ளைநோயாக அது வெடித்தது 2015இல் பிரேசிலில். ஆபிரிக்கக் காட்டுப் பக்கத்து ஈடிஸ் ஈஜிப்தி நுளம்புகளுக்கு ஸிகா அவ்வளவு சுலபமாகத் தொற்றுவதில்லை, உலகமெங்கும் பரவி நம் வீடுகளுக்குள் குடியேறியிருக்கிற அதே இனத்துக்குச் சுலபமாகத் தொற்றுகிறது என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இனத்தின் பெயர் ஒன்றேதான், குடல்தான் வேறு.

கேள்வி: தேயிலை மலையில் வேலை செய்யும்போது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நுளம்பு கூட்டமாக வந்து கடிக்கிறது. டவுனில் இருப்பதும் இதுவும் ஒன்றா? எது மோசம்?
– இளைஞர், பதுளை

பதில்: இரண்டும் ஈடிஸ்தான், ஆனால் இனம் வேறு. அடித்துக் கொன்ற ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து முதுகைப் பாருங்கள். நடு முதுகில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு நீட்டாக ஓடினால் அது அல்போபிக்டஸ், புலி நுளம்பு என்பார்கள். யாழ் வடிவத்தில் இரண்டு பக்கமும் வளைந்த வெள்ளைக் கோடு இருந்தால் ஈஜிப்தி. மலையில் உங்களைக் கடிப்பது அநேகமாகப் புலி நுளம்பு.

ஆய்வுகூடத்தில் டெங்குவைக் கொடுத்துப் பார்த்தால் புலி நுளம்புக்கும் அது தொற்றத்தான் செய்கிறது. பெரிய வித்தியாசம் இரண்டும் வாழ்கிற விதத்தில் இருக்கிறது. ஈஜிப்தி வீட்டுக்குள்ளேயே, கொடியில் தொங்குகிற உடுப்புக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே இருக்கும். மனித ரத்தத்தைத் தவிர வேறு ஒன்றை அவ்வளவாகத் தேடாது. கொஞ்சம் அசைந்தால் பறந்து அடுத்தவரிடம் போய் மிச்சத்தைக் குடிக்கும், ஆகவே வைரஸ் ஏறிய ஒரே ஒரு நுளம்பு ஒரு காலைக்குள் ஒரு குடும்பத்தையே கடித்துவிட முடியும். புலி நுளம்பு வெளிக்காடு. மூங்கில் அடிக்கட்டை, மரப்பொந்து, றப்பர் தோட்டத்துச் சிரட்டை என்று முட்டையிடும், மனிதரையும் கடிக்கும், கோழியையும் நாயையும் ஆட்டையும் கடிக்கும். கோழிக்குப் போன கடி டெங்கு வைரஸுக்கு வீணான கடி.

அதற்காக அதைச் சின்னதாக எண்ணக்கூடாது. இந்து சமுத்திரத்தில் ரியூனியன் என்று ஒரு தீவு. 2005–06இல் அங்கே சிக்கன்குன்யா வந்து, மூன்றில் ஒரு பங்கு சனம் விழுந்தது. அங்கே அதைப் பரப்பியது புலி நுளம்பு. காரணத்தைத் தேடிப் பார்த்தபோது, வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் புலி நுளம்பின் குடலுக்குள் நுழைவது வைரஸுக்குப் பல மடங்கு சுலபமாகிவிட்டது. 2007இல் கேரளாவில் பரவியபோதும் இதே மாற்றம் காணப்பட்டது. றப்பர்த் தோட்டமும் புலி நுளம்பும் நிறைந்த இடம் அது, நம் நாட்டுத் தோட்டப் பக்கம் மாதிரியே.

டவுனில் ஈஜிப்தி மோசம். உங்கள் மலையில் புலி நுளம்பைத்தான் நான் கவனிப்பேன்.

கேள்வி: நுவரெலியாக் குளிரில் டெங்கு வராது என்கிறார்கள், உண்மையா?
– கடைக்காரர், நுவரெலியா

பதில்: இங்கே பரவுவது அரிது, அது உண்மை. 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை. 18 பாகைக்குக் கீழே ஈடிஸ் வழியாக டெங்கு பரவுவது மிகக் கடினம், மிக நன்றாகப் பரவுவது 26 முதல் 29 பாகைக்குள். மலை இறங்க இறங்க அந்தப் பாதுகாப்பும் இறங்கிவிடும். கண்டி 500 மீற்றரை ஒட்டி இருக்கிறது. நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவான 2017இல் கண்டி மாவட்டமும் கடுமையாக அடிபட்டது.

ஆனால் குளிர் ஊரில் டெங்கு பரவாது என்பது வேறு, குளிர் ஊரில் இருக்கிறவருக்கு டெங்கு இருக்காது என்பது வேறு. என் அக்காவின் மகன் கொழும்பிலிருந்து வந்து மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தான், காட்டிய இடத்தில் "இந்தக் குளிருக்கு டெங்கு எங்கே வரும்" என்று ரத்தம்கூடச் சோதிக்காமல் அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, சுகம் என்று நினைத்தோம், அன்றைக்குத்தான் நிலைமை மோசமானது. டெங்குவில் ஆபத்தான நேரமே காய்ச்சல் இறங்குகிற நேரம். பிள்ளை தப்பினான், ஆனால் அந்த இரவை நான் மறக்கமாட்டேன். ஆகவே கீழேயிருந்து யாராவது காய்ச்சலோடு வந்தால், எங்கேயிருந்து வந்தார் என்பதை நீங்களே முந்திக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள், அஸ்பிரினோ ஐபுபுரோபெனோ வேண்டாம், அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

கேள்வி: நுளம்புக் கடியால் எச்.ஐ.வி வருமா?
– பெயர் வேண்டாம், நாவலப்பிட்டி

பதில்: வராது. நுளம்பின் குடலில் அந்த வைரஸுக்குப் பிடிக்க இடமில்லை, பெருகவும் முடியாது, ரத்தத்தோடு செரித்துப்போகும். எச்.ஐ.வி உள்ள ஒருவர் பக்கத்து வீட்டில் இருப்பதால் பயந்து கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், அவரோடு பழையபடி பேசிப் பழகுங்கள்.

கேள்வி: மலேரியா ஒழிந்துவிட்டது என்றால் அனோபிலிஸும் ஒழிந்துவிட்டதா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மாத்தளை

பதில்: இல்லை ஐயா, நுளம்பு அப்படியேதான் இருக்கிறது. மலேரியா வைரஸ் இல்லை, ஓர் ஒட்டுண்ணி, ஆனால் அதுவும் நுளம்பின் குடலைத் தாண்டி எச்சிலுக்கு வந்தாக வேண்டும். உங்கள் பெரியவர்கள் 1934–35 மலேரியாவைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, ஏறக்குறைய 80,000 பேர் இறந்த காலம். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல், மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் 2016 செப்டெம்பரில். நுளம்புக்குப் பரப்புகிற திறன் இன்னும் இருக்கிறது, நாட்டுக்குள் எடுத்துக் கொடுக்கத்தான் ஒட்டுண்ணி இல்லை. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவரின் ரத்தத்தை இன்னமும் சோதிக்கிறார்கள் என்றால் இதனால்தான்.

கேள்வி: கொழும்புப் பக்கம் நுளம்புக்கே கிருமியைப் போட்டுப் பறக்கவிட்டார்களாமே, ஆபத்தில்லையா?
– இல்லத்தரசி, பண்டாரவளை

பதில்: வொல்பாக்கியா என்ற பக்டீரியாவைச் சொல்கிறீர்கள். புதிதாகச் செய்ததல்ல, 1924இல் கியூலெக்ஸ் நுளம்பிலேயே கண்டுபிடித்தது, எத்தனையோ பூச்சிகளுக்குள் இயற்கையாகவே வாழ்கிறது. ஆனால் ஈஜிப்திக்குள் இயற்கையில் இருக்கவில்லை. அதை உள்ளே குடியேற்றினால் டெங்கு வைரஸ் அந்த நுளம்பில் சரியாகப் பெருகுவதில்லை; வைரஸுக்கு வேண்டிய கொழுப்பை இது பங்குபோட்டுக்கொள்கிறது, நுளம்பின் பாதுகாப்பையும் தூண்டிவிடுகிறது என்கிறார்கள். தாயிடமிருந்து முட்டைக்கும் போய்விடும். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் இப்படிச் செய்த பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைந்தது. நம் நாட்டில் நுகேகொடைப் பக்கமும் விட்டிருக்கிறார்கள். மனிதருக்கு இது தொற்றுவதில்லை. நுளம்பைக் கொல்வதை மட்டுமே இத்தனை காலம் செய்து வந்தோம், அதன் குடலுக்குள்ளேயே வைரஸை மறிக்கிற இந்த வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கேள்வி: டெங்கு நுளம்புக்கும் காய்ச்சல் வருமா?
– மூன்றாம் வகுப்பு மாணவன், ஹப்புத்தளை (அப்பா எழுதுகிறார்)

பதில்: வராது ராசா. வைரஸ் எச்சில் வரைக்கும் வந்துவிட்டால் நுளம்பு சாகும் வரை அதைச் சுமந்துகொண்டு, எப்போதும் போலப் பறந்துகொண்டிருக்கும்.

கேள்வி: பீலித் தண்ணீரைப் பிடித்து வைக்கிற பெரலை ஞாயிற்றுக்கிழமைதோறும் கவிழ்த்து ஊற்றுகிறோம். அப்படியும் திரும்ப நிரப்பிய இரண்டு மூன்று நாளில் குடம்பி நெளிகிறது. எங்கேயிருந்து வருகிறது?
– தோட்டத் தொழிலாளி, புஸல்லாவை

பதில்: பெரலின் உள்சுவரிலிருந்துதான் அம்மா. ஈடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். டோர்ச் அடித்துக் கிட்டப் பாருங்கள், மிளகைத் தூளாக்கிச் சிந்தியது மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். தாய் நுளம்புக்குத் தொற்று இருந்தால் மிகச் சில முட்டைகளுக்குள் வைரஸும் போய்விடுவது உண்டு, அந்தக் குஞ்சு யாரையும் கடிக்காமலே வைரஸோடு பிறக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டு, தும்பையோ பழைய பிரஷையோ எடுத்து உள்சுவரை, விளிம்புக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு சாண் அகலத்தை, நன்றாக உரசித் தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் கழுவின தண்ணீரை வெயில் படுகிற காய்ந்த தரையில் ஊற்றுங்கள், கானுக்குள் ஊற்றாதீர்கள். பிறகு பழைய சேலைத் துணி ஒன்றை வாயில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள்.